லாங்ஹார்னில் டிஃபால்ட் ரெப்ளிகா எண்ணிக்கையை 2 என்று வைத்த பிறகும் புதிய வால்யூம்கள் 3 கேட்பது ஏன்?

குன்னூர்_சர்வர் கேட்டது:

வணக்கம். குன்னூரை அடுத்துள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடைப் பதிவு, அவர்களுக்கான பட்டுவாடாக் கணக்கு, தொழிலாளர் வருகைப் பதிவு ஆகிய மூன்றும் இதுவரை ஒரே சர்வரில் ஓடிவந்தன. அதற்கு வயதாகிவிட்டதால், மூன்று கணினிகளை (நோடுகள்) சேர்த்து, செயலிகளைக் கன்டெய்னர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் எளிய வடிவமான கே3எஸ் வழியாக ஒரு கிளஸ்டர் அமைத்து, அதன்மேல் ஒவ்வொரு வால்யூமையும் (தரவுப் பகுதி) பல நோடுகளில் நகல்களாக (ரெப்ளிகா) வைக்கும் லாங்ஹார்னைச் சேமிப்பகமாக நிறுவியிருக்கிறேன். இப்போது அதில் இருப்பது சோதனைத் தரவு மட்டுமே. உண்மைக் கணக்கு ஏறுவதற்கு முன்பே இயல்புநிலை அமைப்புகளைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூன்று கணினிகளும் ஒரே தரத்தில் இல்லை. இரண்டில் மட்டும் தரவுக்கென்று தனியாக ஆளுக்கொரு 480 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. மூன்றாவது, அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு டெஸ்க்டாப். கிளஸ்டரின் நிலையைப் பதிந்துவைக்கும் எட்சிடிக்கு ஒற்றைப்படையில் உறுப்பினர்கள் வேண்டும் என்பதற்காகவே அதைச் சேர்த்தோம், அதில் தரவு எதுவும் தங்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வால்யூமுக்கும் இரண்டு நகல்கள் போதும் என்று முடிவுசெய்து, நிறுவப் பயன்படுத்திய ஹெல்ம் என்ற கருவியின் வேல்யூஸ் (அமைப்பு மதிப்புகள்) கோப்பில் ‘டிஃபால்ட்செட்டிங்ஸ்’ பகுதியின் கீழ் ‘டிஃபால்ட்ரெப்ளிகாகவுன்ட்’ என்பதற்கு 2 கொடுத்தேன். லாங்ஹார்னின் திரையில் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் 2 என்றுதான் காட்டுகிறது. அங்கிருந்தே ஒரு வால்யூமை உருவாக்கினாலும் இரண்டு நகல்களே கிடைக்கின்றன. ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்காக ஒரு பிவிசி (குபர்னெட்டீஸிடம் சேமிப்பிடம் கேட்கும் கோரிக்கை) எழுதி அனுப்பியபோது, உருவான வால்யூம் மூன்று நகல்களைக் கேட்டது. டெஸ்க்டாப்பில் ஷெட்யூலிங்கை (நகல்களுக்கு இடம் ஒதுக்குவதை) நான் நிறுத்திவைத்திருப்பதால் மூன்றாவது நகலுக்கு இடம் கிடைக்காமல், வால்யூம் ‘டிகிரேடட்’ (நகல் குறைவு) என்ற நிலையிலேயே நிற்கிறது.

இதனுடன் இன்னும் சில ஐயங்கள் உண்டு. எஸ்எஸ்டிகளில் மட்டும் லாங்ஹார்ன் எழுத வேண்டும், டெஸ்க்டாப்பின் வட்டைத் தொடவே கூடாது என்பதை நிறுவும்போதே சொல்ல முடியுமா? மழைக்காலத்தில் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பிமேல் சாய்ந்தால் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதை மனத்தில் வைத்து மாற்ற வேண்டிய அமைப்புகள் எவை? கோத்தகிரிப் பக்கம் உள்ள எங்கள் இலை சேகரிப்பு மையத்துக்கு ஒரு வயர்லெஸ் இணைப்பு இருக்கிறது. அங்கே ஒரு கணினியை வைத்து அதில் மூன்றாவது நகலைப் போடலாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொல்கிறார், அது சரிவருமா?

---

கோத்தகிரி_நிர்வாகி எழுதியது:

வணக்கம். நீங்கள் கொடுத்த 2 எங்கும் தொலைந்துவிடவில்லை. அது பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தியிருக்கிறது. ‘டிஃபால்ட் ரெப்ளிகா கவுன்ட்’ என்ற அமைப்பு, லாங்ஹார்ன் திரையிலிருந்து உருவாக்கும் வால்யூம்களுக்கானது. குபர்னெட்டீஸ் வழியாகப் பிவிசி எழுதும்போது, எத்தனை நகல்கள் என்பதை அந்தப் பிவிசி சுட்டும் ஸ்டோரேஜ் கிளாஸில் (வால்யூம்களை உருவாக்கும் வார்ப்பு) உள்ள ‘நம்பர்ஆஃப்ரெப்ளிகாஸ்’ என்ற அளவுருதான் தீர்மானிக்கும். லாங்ஹார்னை நிறுவும்போது அதே பெயரில் ஒரு ஸ்டோரேஜ் கிளாஸும் உருவாகிறது. அதில் 3 என்பது எழுதப்பட்டே வருகிறது. ஹெல்மில் இதை மாற்றும் இடம் ‘டிஃபால்ட்செட்டிங்ஸ்’ பகுதியில் இல்லை. ‘பெர்சிஸ்டன்ஸ்’ என்ற வேறொரு பகுதியின் கீழ் ‘டிஃபால்ட்கிளாஸ்ரெப்ளிகாகவுன்ட்’ என்ற வரி இருக்கும். அங்கே 2 கொடுங்கள். இரண்டு பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பதால் பலரும் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதும் மாறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். மென்பொருளை வடிவமைத்தவர்கள் இதை இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

ஸ்டோரேஜ் கிளாஸின் அளவுருக்களை, அது உருவான பிறகு நேரடியாகத் திருத்த குபர்னெட்டீஸ் அனுமதிக்காது. அதற்காகத்தான் லாங்ஹார்ன் தன் நேம்ஸ்பேஸில் ‘லாங்ஹார்ன்-ஸ்டோரேஜ்கிளாஸ்’ என்ற பெயரில் ஒரு கான்ஃபிக்மேப்பை (அமைப்புகளைத் தாங்கும் குபர்னெட்டீஸ் பதிவு) வைத்திருக்கிறது. அதில் உள்ள வரையறையை மாற்றினால், பழைய கிளாஸை நீக்கிப் புதியதை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் ஹெல்ம் பயன்படுத்துவதால் கான்ஃபிக்மேப்பைக் கையால் தொட வேண்டாம். வேல்யூஸ் கோப்பில் மாற்றி ஹெல்ம் அப்கிரேடை ஓட்டினால் அது கான்ஃபிக்மேப் வரை போய்ச் சேரும்.

ஆனால் இதெல்லாம் இனிப் பிறக்கப்போகும் வால்யூம்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே மூன்று கேட்டுக்கொண்டு நிற்கும் போஸ்ட்கிரெஸ் வால்யூம், ஸ்டோரேஜ் கிளாஸ் மாறியதைத் திரும்பிப் பார்க்காது. லாங்ஹார்ன் திரையில் அந்த வால்யூமைத் தேர்ந்து நகல் எண்ணிக்கையை 2 ஆக்குங்கள். ‘டிகிரேடட்’ போய் ‘ஹெல்த்தி’ வந்துவிடும். மூன்றாவது நகலுக்கு இடம் இல்லாதபோதே வால்யூமை உருவாக்க மறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் ஓர் அமைப்பு முடிவுசெய்கிறது: குறைந்த நகல்களுடன் வால்யூமை உருவாக்கலாம் என்ற அனுமதி இயல்புநிலையில் திறந்தே இருக்கிறது. நேரடிப் பயன்பாட்டில் இதை மூடிவைத்தால், இடம் போதாதபோது பிவிசி தொடக்கத்திலேயே தடுக்கப்படும். பிரச்சினை உடனே கண்ணில் படும்.

அடுத்து, கே3எஸ் தன்னுடன், அந்தந்த நோடின் வட்டிலேயே எழுதும் ‘லோக்கல்-பாத்’ என்ற ஸ்டோரேஜ் கிளாஸையும் இயல்புநிலையாகக் குறித்து நிறுவுகிறது. லாங்ஹார்னும் தன்னுடையதை இயல்புநிலை என்று குறித்துக்கொள்கிறது. ஆக, உங்கள் கிளஸ்டரில் இப்போது இரண்டு இயல்புநிலைகள் இருக்கக்கூடும். கிளாஸ் பெயர் குறிப்பிடாத பிவிசி வந்தால், குபர்னெட்டீஸ் 1.26 முதல், இரண்டில் எது கடைசியாக உருவானதோ அதை எடுத்துக்கொள்ளும். ஸ்டோரேஜ் கிளாஸை லாங்ஹார்ன் மீண்டும் உருவாக்கினால் அதன் உருவாக்க நேரமும் மாறும் என்பதை நினைத்துப் பாருங்கள்: எது வெல்லும் என்பது தற்செயலின் கையில் போய்விடுகிறது. லோக்கல்-பாத் கிளாஸில் இயல்புநிலைக் குறியை நீக்குங்கள். தேவையே இல்லையென்றால் கே3எஸ் தொடங்கும்போதே லோக்கல் ஸ்டோரேஜை முடக்கிவிடலாம். லோக்கல்-பாத்தில் போய் விழுந்த தரவுத்தளத்துக்கு நகலே கிடையாது.

வட்டுகளைப் பற்றி: எந்த முன்னறிவிப்பும் இல்லாவிட்டால் லாங்ஹார்ன் ஒவ்வொரு நோடிலும் வேர் வட்டில், வார், லிப் என்ற அடைவுகளுக்குள் தன் பெயரில் ஓர் அடைவை அமைத்து அதையே தன் வட்டாகக் கொள்ளும். அதைத் தடுக்க ‘கிரியேட் டிஃபால்ட் டிஸ்க் ஆன் லேபிள்டு நோட்ஸ்’ என்ற அமைப்பை இயக்குங்கள். அதன்பின் அதற்குரிய லேபிள் ஒட்டிய நோடுகளில் மட்டுமே வட்டு உருவாகும். லேபிளின் மதிப்பை ‘ட்ரூ’ என்று கொடுத்தால், ‘டிஃபால்ட் டேட்டா பாத்’ அமைப்பில் நீங்கள் சொன்ன பாதையில் வட்டு அமையும். ‘கான்ஃபிக்’ என்று கொடுத்தால், அதே நோடில் ஓர் அனோட்டேஷனாக நீங்கள் எழுதிவைக்கும் பட்டியலின்படி பாதை, ஒதுக்கீடு, டேக் ஆகியவற்றை அது எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி உள்ள இரண்டுக்கும் லேபிள் கொடுங்கள், டெஸ்க்டாப்புக்குக் கொடுக்காதீர்கள்.

இந்த அமைப்பை இப்போது இயக்கினால், டெஸ்க்டாப்பில் முன்பே உருவாகிவிட்ட வட்டு தானாக மறையாது. அதில் ஷெட்யூலிங்கை நிறுத்தி, நகல் ஏதும் இருந்தால் வெளியேற்றி, பிறகு வட்டை நீக்க வேண்டும். உங்களிடம் இருப்பது சோதனைத் தரவுதானே. முழுவதையும் நீக்கிவிட்டுச் சரியான வேல்யூஸ் கோப்புடன் மீண்டும் நிறுவுவதே சுத்தமான வழி. நீக்குவதற்கு முன் ‘டிலீட்டிங் கன்ஃபர்மேஷன் ஃப்ளாக்’ என்ற அமைப்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். தவறுதலாக யாரும் நீக்கிவிடக் கூடாது என்று அது இயல்புநிலையில் ‘ஃபால்ஸ்’ ஆகவே இருக்கும். மாற்றாவிட்டால் நீக்கும் பணி தோல்வியில் முடியும். நோடுகளில் பழைய அடைவு மிச்சம் இருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள்.

---

குன்னூர்_சர்வர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ‘பெர்சிஸ்டன்ஸ்’ பகுதியில் மாற்றிவிட்டு ஒரு புதிய பிவிசியை அனுப்பிப் பார்த்தேன். இரண்டு நகல்களோடு ‘ஹெல்த்தி’ என்று வந்துவிட்டது. மறுநிறுவலை இந்த வாரத்துக்குள் செய்ய இருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். இனிமேல் ஓர் அமைப்பைத் திரையில் மாற்றிவிட்டு வேல்யூஸ் கோப்பில் மாற்றாமல் விட்டால், அடுத்த ஹெல்ம் அப்கிரேடின்போது எது நிற்கும்? இணையத்தில் ஒருவர், இயல்புநிலை அமைப்புகள் முதல் நிறுவலுக்கு மட்டுமே செல்லும், அதன்பின் கோப்பில் எதை மாற்றினாலும் பலன் இல்லை என்கிறார். இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார்.

---

கோத்தகிரி_நிர்வாகி எழுதியது:

இருவரும் அவரவர் பயன்படுத்திய பதிப்புக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். பழைய பதிப்புகளின் கையேட்டில், இந்த அமைப்புகள் இன்னும் நிறுவப்படாத லாங்ஹார்னுக்கு மட்டுமே, ஓடிக்கொண்டிருப்பதன்மேல் இவற்றுக்குத் தாக்கம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில், ஹெல்ம் எழுதும் ‘லாங்ஹார்ன்-டிஃபால்ட்-செட்டிங்’ என்ற கான்ஃபிக்மேப் மாறும்போதெல்லாம், அதில் உள்ள மதிப்புகளை லாங்ஹார்ன் மேலாளர் தன் அமைப்புகளுக்குள் ஏற்றிக்கொள்கிறது. எனவே இப்போதைய பதிப்பில், வேல்யூஸ் கோப்பில் பெயர் சொல்லி எழுதியிருக்கும் ஓர் அமைப்பைத் திரையில் மாற்றினால், அந்த மாற்றம் அடுத்து கான்ஃபிக்மேப் மாறும்வரைதான் நிலைக்கும். கோப்பில் நீங்கள் குறிப்பிடாமல் விட்ட அமைப்புகளை அது தொடாது.

திரையை வாசிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், மாற்றங்களைக் கோப்பில் செய்து அந்தக் கோப்பை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் வையுங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. நள்ளிரவில் திரையில் தட்டிய ஒரு மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

டாலரேஷன், ப்ரையாரிட்டி கிளாஸ் போன்று ‘டேஞ்சர் ஸோன்’ என்ற தலைப்பின் கீழ் வரும் அமைப்புகளை மாற்றும் முன் வால்யூம்களைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கும். அவற்றை உண்மைத் தரவு ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதே தலைப்பில் வரும், வால்யூம்களை இயக்கும் இன்ஸ்டன்ஸ் மேனேஜருக்கான சிபியூ ஒதுக்கீடு இயல்புநிலையில் 12 சதவீதம். நான்கு கோர் உள்ள கணினியில் அது ஏறக்குறைய அரைக் கோர். உங்கள் அளவுக்கு அதை அப்படியே விட்டுவிடலாம்.

---

உதகை_லினக்ஸ் எழுதியது:

நகல் எண்ணிக்கை பற்றி மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. மின்சாரம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இந்த மலையில் அதுதான் முதல் கேள்வி. பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுத்துவருகிறார்கள், குந்தாவில் அணைக்கட்டு மேல் அணைக்கட்டாக நிற்கிறது. இருந்தும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு மரம் விழுந்தால் நம் கட்டடத்தில் இருட்டுதான்.

ஒரே ஒரு கணினி மட்டும் அணைவதும், மூன்றும் சேர்ந்து அணைவதும் வெவ்வேறு பிரச்சினைகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று மட்டும் அணைந்தால்: அதில் இருந்த நகல் தோல்வியுற்றதாகக் குறிக்கப்படும். உடனே வேறிடத்தில் புதிய நகல் எடுக்கத் தொடங்காமல், பழையது திரும்பி வருமா என்று லாங்ஹார்ன் காத்திருக்கும். ‘ரெப்ளிகா ரிப்ளெனிஷ்மென்ட் வெயிட் இன்டர்வல்’ என்ற அந்த அமைப்பு இயல்புநிலையில் 600 விநாடி. மின்வெட்டு மிகுந்த இடங்களில் இதைக் கூட்டிவைக்கச் சொல்வார்கள். ஆனால் உங்கள் அமைப்பில் இதைக் கூட்டுவதால் வரும் பலன் ஏதுமில்லை, ஏனென்றால் தரவு தங்கும் நோடுகள் இரண்டே. ஒன்று போனால் புதிய நகலுக்கு வேறிடமே கிடையாது. 600 ஆனாலும் 6000 ஆனாலும் லாங்ஹார்ன் பழைய நோடின் வரவுக்காகத்தான் காத்திருக்கப்போகிறது.

அங்கேதான் ஒரு தூண்டுதல் வரும்: ‘ரெப்ளிகா நோட் லெவல் சாஃப்ட் ஆன்டி-அஃபினிட்டி’ என்ற அமைப்பை இயக்கிவிட்டால், ஒரே நோடில் இரண்டு நகல்களையும் வைத்துக்கொள்ளலாம், ‘டிகிரேடட்’ என்ற எச்சரிக்கை வராது. இயல்புநிலையில் அது ‘ஃபால்ஸ்’; அப்படியே இருக்கட்டும். இயக்கினால், ஒரு நோட் அணைந்து காத்திருப்பு நேரம் கடந்ததும் மிச்சமுள்ள எஸ்எஸ்டியில் எல்லா வால்யூம்களுக்கும் இரண்டாம் படி எழுதத் தொடங்கிவிடும். வட்டு நிரம்பும், எழுத்து வேகம் குறையும், பாதுகாப்போ ஒரு துளியும் கூடாது. பச்சை விளக்கு மட்டும் எரியும்.

நோட் அணைந்தபின் செயலி எப்படி மறுநோடில் எழுகிறது என்பதையும் பாருங்கள். இயல்புநிலையில் குபர்னெட்டீஸ் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் அந்த நோடில் ஓடிய பாட்களை (செயலி ஓடும் அலகுகள்) வெளியேற்ற முயலும். நோடே இல்லாததால் அவை ‘டெர்மினேட்டிங்’ என்ற நிலையில் தொங்கும். போஸ்ட்கிரெஸ் ஸ்டேட்ஃபுல்செட்டாக (பாட்களின் பெயர் மாறாத வகை) இருந்தால், பழைய பாட் முழுதாக நீங்காமல் புதியது பிறக்காது. யாராவது கையால் நீக்கும்வரை எடைப் பதிவு நின்றுபோகும். இலை வண்டிகள் வாசலில் வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்து இது நடக்கும். ‘பாட் டிலீஷன் பாலிசி வென் நோட் இஸ் டவுன்’ என்ற அமைப்பு இயல்புநிலையில் எதுவும் செய்யாமல் இருக்கும். அதை, ஸ்டேட்ஃபுல்செட், டெப்ளாய்மென்ட் இரண்டின் பாட்களையும் நீக்கும் மதிப்புக்கு மாற்றுங்கள். இயல்புநிலையில் ஏன் இப்படி வைக்கவில்லை என்றால், கணினி உயிரோடு இருந்து இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், பழைய பாட் அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் இரண்டு நோடுகளும் ஒரே அறையில் ஒரே ஸ்விட்சில் இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. நோடுகளைப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இதே அறிவுரையை நான் தர மாட்டேன்.

மூன்றும் சேர்ந்து அணைந்தால்: எல்லா நகல்களும் ஒரே நேரத்தில் தோல்வியுற்றதாகக் குறிக்கப்படும். திரும்ப எழும்போது எந்த நகலை நம்பலாம் என்று பார்த்துத் தானாக மீட்கும் பணியை ‘ஆட்டோ சால்வேஜ்’ செய்கிறது. அது இயல்புநிலையில் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, யார் சொன்னாலும் அணைக்காதீர்கள். அதற்கும் மேலாக, யுபிஎஸ் பேட்டரி தீர்வதற்கு முன் ஒழுங்காக மூடும் ஏற்பாடு வேண்டும். கே3எஸ் சேவையை நிறுத்தினாலும் அது தொடங்கிய கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வடிவமைப்பே அப்படித்தான். ஆகவே யுபிஎஸ் எச்சரிக்கை வந்ததும், முதலில் செயலிகளின் பாட் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, வால்யூம்கள் ‘டிடாச்டு’ ஆனதைப் பார்த்து, அதன்பின் கணினிகளை மூடும் ஒரு ஸ்கிரிப்டை நட் என்ற யுபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளுடன் இணைத்துவையுங்கள். மேலே சொன்ன எந்த அமைப்பும் இந்த ஸ்கிரிப்டுக்கு ஈடாகாது.

ஒரு சிறு குறிப்பு. இலையை நசுக்கி நறுக்கும் சிடிசி எந்திரத்தின் மோட்டார் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் இறங்குவதைத் தொழிற்சாலைகளில் பார்க்கலாம். சர்வர்களுக்கான யுபிஎஸ் ஆன்லைன் வகையாக இருக்கட்டும். ஸ்விட்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். நோடுகள் இரண்டும் உயிரோடு இருந்து ஸ்விட்ச் மட்டும் அணைந்தால், நான் மேலே குறைவு என்று சொன்ன அந்த ஆபத்துதான் வந்து நிற்கும்.

---

கேத்தி_தரவு எழுதியது:

கோத்தகிரி மையத்தில் மூன்றாவது நகல் வைக்கும் யோசனைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். லாங்ஹார்ன் எல்லா நகல்களுக்கும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒவ்வோர் எழுத்தும் எல்லா நகல்களிலும் முடிந்தால்தான் செயலிக்கு ‘முடிந்தது’ என்ற பதில் போகும். மூன்று பேர் கைகோத்து நடக்கும்போது மெதுவாக நடப்பவரின் வேகமே மூவரின் வேகமும் ஆவதுபோல, குன்னூரில் உள்ள இரண்டு எஸ்எஸ்டிகளும் அந்த வயர்லெஸ் இணைப்பின் தாமதத்தில் இயங்கும். மூடுபனி நாளில் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், ஒவ்வொரு முறையும் நகல் தோல்வியுற்று, திரும்ப வந்து, மறுகட்டமைப்பு நடந்து, அதே மெல்லிய இணைப்பில் தரவு ஓடும். நோடுகளுக்கிடையே 10 ஜிகாபிட் வலையைப் பரிந்துரைக்கும் மென்பொருள் இது.

நிர்வாகத்தில் அப்படிச் சொன்னவரின் கவலையில் தவறில்லை. ஒரே கட்டடத்தில் எல்லா நகல்களும் இருந்தால், அந்தக் கட்டடத்துக்கு ஏதாவது நேர்ந்தால் எல்லாம் போகும். அதற்கு விடை பேக்கப். கோத்தகிரியில் ஒரு சாதாரணக் கணினியை என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்புப் பகிர்வு) சர்வராக வைத்து, அதை லாங்ஹார்னின் பேக்கப் இலக்காகக் குறியுங்கள். லாங்ஹார்ன் பேக்கப்பை 2 எம்பி துண்டுகளாகப் பிரித்து, முந்தையதிலிருந்து மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்புவதால், முதல் முறை மட்டும்தான் நீளும். அதன்பின் இரவில் வயர்லெஸ் இணைப்பே போதும். முதல் பேக்கப்பை அந்தக் கணினி குன்னூரில் இருக்கும்போதே எடுத்துவிட்டு, பிறகு மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

பேக்கப் இலக்கை எழுதும் இடத்திலும் பதிப்புச் சிக்கல் உண்டு. முன்பு அது ‘டிஃபால்ட்செட்டிங்ஸ்’ பகுதியிலேயே இருந்தது. 1.8 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளை ஆதரிப்பதற்காக அதைத் தனி வளமாக்கிவிட்டார்கள்; ஹெல்மில் ‘டிஃபால்ட்பேக்கப்ஸ்டோர்’ என்ற பகுதியில் எழுத வேண்டும். பழைய கட்டுரை ஒன்றைப் பார்த்துப் பழைய இடத்தில் எழுதிவிட்டு, பேக்கப் நடக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நேரம் குறித்து ஓடும் பணிகளுக்கு ‘டிஃபால்ட்’ என்ற பெயரிலேயே ஒரு குழு உண்டு. ஒரு பேக்கப் பணியை அந்தக் குழுவில் சேர்த்தால், தனக்கென்று வேறு பணி எதுவும் ஒதுக்கப்படாத எல்லா வால்யூம்களுக்கும் அது பொருந்தும். புதிதாக யாராவது உருவாக்கும் வால்யூமும் பேக்கப் இல்லாமல் விடுபடாது. ஆனால் ஒரு வால்யூமுக்கு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் படி) பணி ஒன்றைத் தனியாகக் கொடுத்த கணமே அது இந்தக் குழுவிலிருந்து விலகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இடக் கணக்கையும் போட்டுவிடுங்கள். புதிய நோடில் இயல்புநிலை வட்டு உருவாகும்போது அதில் 30 சதவீதம் ஒதுக்கி வைக்கப்படும்: 480 ஜிபியில் 144 போய் 336 மிஞ்சும். ‘ஸ்டோரேஜ் ஓவர் ப்ரொவிஷனிங்’ இப்போது 100 சதவீதம் என்பதால், வால்யூம்களின் அறிவிக்கப்பட்ட அளவுகளைக் கூட்டினால் அந்த 336-க்குள் இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது. பழைய பதிப்புகளில் இது 200 ஆக இருந்தது. அதோடு, வட்டில் உண்மையான காலியிடம் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிய நகல்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. இந்த எண்கள் இயங்குதளமும் தரவும் ஒரே வட்டில் இருப்பதை எண்ணி வைத்தவை. உங்களுடையது தனி எஸ்எஸ்டி என்பதால் குறைந்தபட்சக் காலியிடத்தை 10 சதவீதம் வரை இறக்கலாம். ஒதுக்கீட்டையும் குறைக்கலாம், ‘கான்ஃபிக்’ லேபிள் வழியைத் தேர்ந்தால் அனோட்டேஷனிலேயே அதை பைட் கணக்கில் எழுதிவிடலாம். ஓவர் ப்ரொவிஷனிங்கை மட்டும் கூட்டாதீர்கள்: ஸ்னாப்ஷாட்டுகள் வால்யூமின் அறிவித்த அளவுக்கு மேலேயே இடம் பிடிக்கும், தரவுத்தளம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் வகையானது.

எஸ்எஸ்டியை எஃப்எஸ்டேப் கோப்பில் (லினக்ஸின் மவுன்ட் பட்டியல்) மாறாத குறியீடான யுயுஐடி கொண்டு மவுன்ட் செய்யுங்கள். ஒருவேளை மின்வெட்டுக்குப் பின் மவுன்ட் ஆகாமல் போனால், பாதை மட்டும் வெறும் அடைவாக வேர் வட்டில் நிற்கும். அப்போது லாங்ஹார்ன் ஏமாந்து அங்கே எழுதிவிடாது: ஒவ்வொரு வட்டிலும் அதன் அடையாள எண்ணைத் தாங்கிய ஒரு சிறு சிஎஃப்ஜி கோப்பை அது முன்பே எழுதிவைத்திருக்கும், அந்தக் கோப்பைக் காணாததால் வட்டைத் ‘தயாரில்லை’ என்று குறித்துவிடும். அந்த நிலையைத் திரையில் பார்த்தால் வட்டு கெட்டுவிட்டது என்று நீக்கிச் சேர்க்காமல், முதலில் மவுன்ட்டைப் பாருங்கள்.

---

குன்னூர்_சர்வர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கோத்தகிரிக்கு என்எஃப்எஸ் பேக்கப் என்பதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. மறுநிறுவலுக்கான வேல்யூஸ் கோப்பில் இப்போது இருப்பவை: ஸ்டோரேஜ் கிளாஸிலும் திரைக்கான அமைப்பிலும் நகல் எண்ணிக்கை 2, லேபிள் உள்ள நோடுகளில் மட்டும் வட்டு, எஸ்எஸ்டியின் பாதை, குறைந்தபட்சக் காலியிடம் 10, நோட் அணைந்தால் இரு வகைப் பாட்களையும் நீக்குதல், குறைந்த நகல்களுடன் வால்யூம் உருவாக்க அனுமதி இல்லை, பேக்கப் இலக்கு. சாஃப்ட் ஆன்டி-அஃபினிட்டி, ஆட்டோ சால்வேஜ் இரண்டும் இயல்புநிலையிலேயே இருந்தாலும் அவற்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன்; எனக்குப் பின் வருபவர் யோசித்தே விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். வேறு எதையாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

---

கோத்தகிரி_நிர்வாகி எழுதியது:

ஒன்று விடுபட்டிருக்கிறது. ‘பெர்சிஸ்டன்ஸ்’ பகுதியிலேயே ‘ரீக்ளெய்ம்பாலிசி’ என்ற வரியைப் பாருங்கள். இயல்புநிலையில் அது ‘டிலீட்’. யாராவது பிவிசியை நீக்கினால், அதன் வால்யூமும் இரண்டு நகல்களும் அப்போதே போய்விடும். விவசாயிகளின் பட்டுவாடாக் கணக்கு இருக்கும் இடத்தில் அதை ‘ரிட்டெய்ன்’ ஆக்குங்கள். பிறகு பயனற்ற வால்யூம்களை அவ்வப்போது கையால் நீக்க வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. இதுவும் புதிய வால்யூம்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், போஸ்ட்கிரெஸ் பிவிசியை உருவாக்கும் முன்பே கோப்பில் எழுதிவிடுங்கள்.

அந்தக் கோப்பில் குறைந்த நகல்களுடன் உருவாக்க அனுமதி இல்லை என்று வைத்திருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் ஒரு நோடைப் பழுதுபார்க்க அணைத்திருக்கும் நேரத்தில் புதிய பிவிசி எதுவும் உருவாகாது என்பதை செயலி எழுதுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் லாங்ஹார்ன் கெட்டுவிட்டது என்று உங்களுக்குத்தான் தொலைபேசி வரும்.